பத்து கிலோ என்ற சொல்

ஆய்வேட்டின் நான்காம் இயலை எழுதி முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் சென்ற ஆடி மாதம் ஹைதராபாத்திலிருந்து பெங்களூரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். பன்னிரண்டு நாட்கள் தங்கினேன். இயலில் நான்கு பக்கங்கள்கூடத் தேறவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காற்றுக்குழாய் அமைப்பை முடித்துவிட்டுத் திரும்பினேன். அதைப் பற்றித்தான் இந்த நீண்ட பதிவு. மொழியியல் மாணவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது என்று நம்புகிறேன்.

அப்பா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். இருபத்து நான்காம் வயதில் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைக்கு டர்னராக வந்தவர். வால்வு செய்யும் ஆலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார். ஓய்வூதியப் பணத்தின் ஒரு பகுதியில் வீட்டின் பின்புறம் இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கூரை போட்டு ஒரு பட்டறை அமைத்துக்கொண்டார். ஒரு பழைய லேத், ஒரு துளையிடும் இயந்திரம், வண்ணம் பூசுவதற்கான ஸ்ப்ரே கன், இவற்றோடு 2 குதிரைத்திறன் மோட்டாரும் 100 லிட்டர் தொட்டியும் கொண்ட ஒரு கம்ப்ரஸர். சத்தம் தாங்காமல் கம்ப்ரஸரை வெளிச்சுவர் ஓரம் வைத்துவிட்டு, அங்கிருந்து குழாய் வழியாகக் காற்றை மூன்று இடங்களுக்குக் கொண்டுசெல்வது அவருடைய திட்டம். எந்தக் குழாய் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

நான் போய்ச் சேர்ந்தபோது சுவரோரம் புத்தம்புதிய பி.வி.சி. குழாய்கள் நான்கு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எங்கோ எப்போதோ படித்தது நினைவில் உறுத்த, "இதுல ஏர் விடக் கூடாதுன்னு சொல்றாங்களேங்கப்பா" என்றேன். அப்பா கோபப்படவில்லை. ஒரு குழாயைத் திருப்பி, அதன் மேல் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு படி கண்ணு."

"பத்து கிலோன்னு போட்டிருக்குங்கப்பா."

"நம்ம கம்ப்ரஸர் எத்தனை கிலோவுல ஆஃப் ஆகும்?"

"எட்டு."

"அப்பறம் என்ன?"

பட்டறைத் தமிழில் 'கிலோ' என்பது எடையன்று. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது அத்தனை கிலோகிராம் விசை அழுத்துகிறது என்பதன் சுருக்கம். குழாய் பத்து தாங்கும், இயந்திரம் எட்டுதான் தரும், ஆகவே பாதுகாப்பு. வாதம் என்ற அளவில் இதில் பிழை காண முடியவில்லை. போதாததற்கு, அப்பாவின் நண்பர் ஒருவர் இதே குழாயைத் தம் கொட்டகையில் எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார். கடைக்காரரும் "எல்லாரும் இதைத்தான் போடறாங்க" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். எண், அனுபவம், ஊர்வழக்கம் என்ற மூன்றுக்கும் எதிராக என்னிடம் இருந்தது ஓர் அரைகுறை நினைவு மட்டுமே.

அன்று இரவு இயலை மூடிவைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் அந்தக் குழாயின் மேல் அச்சிட்டிருந்த தர எண்ணையே தேடினேன்: ஐ.எஸ். 4985. அந்த இந்தியத் தரநிலையின் தலைப்பிலேயே விடை இருந்தது. அது குடிநீர் வழங்கலுக்கான பி.வி.சி. குழாய்களின் தரநிலை. அதிலுள்ள அழுத்த வகைகள் யாவும் 27 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள நீருக்கு வகுக்கப்பட்டவை. வெப்பம் ஏற ஏற அந்த எண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தகரக் கூரைக்கு ஓரடி கீழே, சித்திரை மாத நண்பகலில், கம்ப்ரஸரிலிருந்து சூடாக வரும் காற்றைச் சுமந்து நிற்கும் குழாய்க்கு அந்தப் 'பத்து' பத்தாக இருக்காது.

ஆனால் இது சிறிய குறை. பெரிய குறை வேறிடத்தில் இருந்தது.

நீர் ஏறத்தாழ அமுங்காது. 100 லிட்டர் நீரை 8 கிலோ அழுத்தத்துக்கு உட்படுத்தினால் அதன் கொள்ளளவு 40 மில்லிலிட்டர்கூடக் குறைவதில்லை. ஆகவே அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 15 ஜூல்தான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பொருளை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஆகும் ஆற்றல். குழாய் வெடித்தால் நீர் பீய்ச்சி, அழுத்தம் கணத்தில் விழுந்துவிடும். தரை நனையும், அவ்வளவே. காற்றோ வில்லைப் போல வளைந்து அமுங்கி நிற்பது. அதே 100 லிட்டர் தொட்டியில் அதே அழுத்தத்தில் நிற்கும் காற்று, வெளியேறும்போது 1 இலட்சம் ஜூலுக்கு மேல் வேலை செய்யும் வல்லமை கொண்டது. ஒரு டன் எடையுள்ள காரை மூன்று மாடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. அழுத்தமானியின் முள் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பின்னால் நிற்கும் ஆற்றலில் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு.

பி.வி.சி. உடையும் விதம் இதோடு சேரும்போதுதான் ஆபத்து முழுமையாகிறது. அது இரும்பைப் போல நெளிந்து கிழிவதில்லை. கண்ணாடியைப் போலச் சில்லுகளாகச் சிதறுவது. வெயிலிலும் ஆண்டுகளின் போக்கிலும் அதன் நொறுங்கும் தன்மை கூடும். ஏணியோ சுத்தியலோ இடித்து ஏற்பட்ட ஒரு மயிரிழை விரிசல் மாதக்கணக்கில் வளர்ந்து, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறியும். அப்போது பின்னால் இருக்கும் காற்று அந்தச் சில்லுகளைத் தள்ளும். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா, தரைக்கு மேலே செல்லும் அழுத்தக் காற்று வழிகளில் பி.வி.சி. குழாய் பயன்படுத்துவது குறித்து 1988ஆம் ஆண்டிலேயே அபாய அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது.

எட்டு ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்ற சான்றுக்கு இங்கே மதிப்பில்லை. மெல்ல மெல்லத் தேய்ந்து எச்சரிக்கும் பொருளுக்கே அந்த வகைச் சான்று பொருந்தும். எட்டாம் ஆண்டின் கடைசி நாள்வரை நலமாக இருந்து, மறுநாள் காலை முகத்துக்கு நேரே உடையக்கூடிய பொருளுக்குப் பொருந்தாது.

இந்த இடத்தில் என் துறை நினைவுக்கு வந்தது. மொழியியல் முதலாண்டில் எல்லாரும் படிக்கும் பெஞ்சமின் லீ வோர்ஃப், எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர். 1919 முதல் தம் இறுதிக்காலம்வரை ஹார்ட்ஃபோர்ட் நகரத்துத் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். தீ விபத்துகள் ஏன் நேர்ந்தன என்று ஆராய்வது அவருடைய பணி. பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே எச்சரிக்கையாக நடந்துகொள்ளும் தொழிலாளர்கள், 'காலி' என்று அழைக்கப்படும் பீப்பாய்களின் அருகே கவலையின்றிப் புகைபிடிப்பதை அவர் கவனித்தார். உண்மையில் காலிப் பீப்பாய்தான் கூடுதல் ஆபத்தானது. அதில் எரிவாயு ஆவி நிறைந்திருக்கும். 'காலி' என்ற சொல் 'ஒன்றுமில்லை' என்ற பொருளைச் சுமந்து, கண்ணுக்குத் தெரியாத ஆவியை மனத்துக்கும் தெரியாமல் செய்துவிட்டது என்பது அவர் முடிவு. மொழி சிந்தனையை எந்த அளவுக்கு ஆள்கிறது என்ற அவருடைய பெரிய கோட்பாடு பிற்காலத்தில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. அந்தப் பீப்பாய்கள் மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. 'பத்து கிலோ' என்பதும் அப்படியொரு சொல்தானே? அது பொய் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்டவருக்குத் தண்ணீரைப் பற்றி விடை சொல்லியிருக்கிறது. காற்றைப் பற்றிக் கேட்பவரும் அதே விடையைத் தம்முடையதாக எடுத்துக்கொள்கிறார்.

பெருமிதத்தோடு மறுநாள் காலை இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். ஜூல் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். 1988 அறிவிப்பைச் சொன்னேன். வோர்ஃபின் பீப்பாய்க் கதையையும் சொன்னேன்.

காலி டிரம் என்றதும் அப்பா சிரித்தார். "இதுக்கு ஒரு வெள்ளைக்காரன் வேணுமா கண்ணு? கழுவாத டிரம்முல வெல்டிங் வெச்சவன் பொழைச்சதில்லைன்னு எங்க பட்டறையில பையனுக்குக்கூடத் தெரியும்." பீப்பாயை ஏற்றுக்கொண்டார், குழாயை ஏற்றுக்கொள்ளவில்லை. "நீ கணக்குப் போடறே. நான் முப்பது வருஷமா பைப் பாத்தவன்" என்று எழுந்து போய்விட்டார். அன்று பகல் முழுவதும் எங்களுக்குள் பேச்சில்லை. அம்மா இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டார்.

அன்று மாலைதான் நான் செய்த தவறு எனக்கு உறைத்தது. கள ஆய்வில் தகவலாளரிடம் நான் ஒருபோதும் அப்படி நடந்துகொள்ள மாட்டேன். அவருக்குத் தெரியாததை அவருக்குச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்ததைக் கேட்பேன். என் சொந்த அப்பாவிடம் மட்டும் நான் கேள்வியே கேட்கவில்லை. தேநீரைக் கொண்டுபோய்ப் பட்டறைத் திண்ணையில் வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தேன்.

"அப்பா, நீங்க வால்வு செஞ்சு முடிச்சதும் எப்படிங்க டெஸ்ட் பண்ணுவீங்க?"

"ஹைட்ரோ டெஸ்ட்டுதான். ரெண்டு பக்கமும் அடைச்சு, தண்ணி ரொப்பி, பம்பு வெச்சுப் பிரஷர் ஏத்துவோம்."

"எத்தனை கிலோவரைக்கும்?"

"வால்வு தாங்கற மாதிரி ஒன்றரை மடங்கு."

"ஏர்ல பண்ண மாட்டீங்களா? ஏர் லைன் பக்கத்துலயேதானே இருக்கும்? தண்ணி ரொப்பறது, வடிக்கறது, தொடைக்கறது, எல்லா வேலையும் மிச்சமாகுமே?"

"ஏர்ல பண்ணுவாங்களா? வார்ப்புல ஓட்டை ஒடசல் இருந்து பிச்சுக்கிட்டா ஆளு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். சற்று நேரம் கழித்து, என்னிடம் சொல்வது போலன்றித் தமக்கே சொல்லிக்கொள்வது போலத் தொடர்ந்தார்: "ஏர் டெஸ்ட்டும் உண்டு. அது கம்மி பிரஷர். தண்ணி டெஸ்ட்டுல பாஸ் ஆனதுக்கப்பறம்தான். அதையும் தொட்டித் தண்ணிக்குள்ள முக்கித்தான் பண்ணுவோம்."

முப்பத்தொரு ஆண்டுகள் அவர் கை செய்த வேலையிலேயே விடை இருந்தது. தண்ணீரின் எட்டு கிலோவும் காற்றின் எட்டு கிலோவும் ஒன்றல்ல என்பதை அவர் கை அறிந்திருந்தது. குழாயின் மேல் அச்சிட்ட எண் அந்த அறிவை மறைத்துவிட்டது. நான் ஒன்றும் பேசவில்லை. அப்பா எழுந்து போய் அந்த நான்கு குழாய்களையும் கொல்லைப்புறத்துக்கு எடுத்துச் சென்று வைத்தார்.

பிறகு எந்தக் குழாய் என்ற கேள்வி புதிதாக எழுந்தது. இப்போது நாங்கள் ஒரே பக்கம் இருந்தோம். நான் செம்பைப் பரிந்துரைத்தேன்: துருப்பிடிக்காது, உட்புறம் வழவழப்பு, வெப்பத்துக்கு அஞ்சாது. விலையைக் கேட்ட அப்பா, "செம்புல போட்டா கம்ப்ரஸருக்குக் காவல் வேண்டாம், பைப்புக்குத்தான் காவல் வேணும்" என்றார். அழுத்தக் காற்றுக்கென்றே வரும் அலுமினியக் குழாய்கள் எடை குறைந்தவை, அழுத்திச் செருகினாலே இணைபவை. பெரிய ஆலைகளுக்கு ஏற்றவை, எங்கள் கொட்டகைக்கு விலை மிகுதி. உள்ளும் புறமும் பிளாஸ்டிக்கும் நடுவில் அலுமினியமும் கொண்ட கூட்டடுக்குக் குழாய், காற்றுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதித் தரும் வகையாக இருந்தால், நல்ல தேர்வு. அதன் இணைப்புகளை அப்பாவின் கை அறியாது. பழுது வந்தால் அவரால் தாமே சரிசெய்ய முடியாது. வளையும் பாலியூரித்தேன் குழல் கடைசி இரண்டு மீட்டருக்குச் சரி. நிலையான வழிக்கு ஆகாது.

எஞ்சியது ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். குறைகள் அதற்கும் உண்டு. கனம்; முக்கால் அங்குலக் குழாய் 6 மீட்டர் நீளத்தில் 9 கிலோவுக்குக் குறையாது. ஒவ்வொரு இணைப்புக்கும் மரை போட வேண்டும். காற்றோடு வரும் ஈரத்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே துருவேறி, அந்தத் துகள்கள் ஸ்ப்ரே கன்னின் வாயை அடைக்கும். ஆயினும் அது கெடும் விதம் நல்லது. மரையில் கசிந்து சீறும். வெளியே துரு தெரியும். கெடுவதற்கு முன் சொல்லிவிட்டுக் கெடும். மரை போடும் டையும் பைப் ரெஞ்சும் அப்பாவிடம் ஏற்கெனவே இருந்தன. நீலப் பட்டை போட்ட 'பி' வகையை, ஐ.எஸ். 1239 என்ற எண்ணைப் பார்த்து வாங்கினோம். இம்முறை அந்தத் தரநிலை எதற்கானது என்பதையும் அப்பா கடையிலேயே என்னைப் படிக்கச் சொன்னார்.

அடுத்த பாடம் எனக்கு. நான் வரைந்த படத்தில் முதன்மைக் குழாய் சுவரில் நேர்மட்டமாக ஓடியது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு டீ போட்டு நேரே கீழே கிளை இறங்கியது. அப்பா பார்த்துவிட்டு, "இதுல ஏர் வராது, தண்ணிதான் வரும்" என்றார். காரணத்தை விளக்கினார். மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுதி. கம்ப்ரஸர் அந்தக் காற்றை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. சூடாக இருக்கும்வரை ஈரம் ஆவியாகவே இருக்கும், குழாயில் ஆறும்போது நீராகும். பிறகு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆடி மாதத்துப் பெங்களூருக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 15 கிராம் நீர் பிரியும். அப்பாவுக்குக் கணக்கு தேவைப்படவில்லை; காலையில் வடிகால் வால்வைத் திறந்து அந்த நீரைப் பார்த்தே பழகியவர்.

ஆகவே பத்து மீட்டர் ஓடும் குழாய் கடைசி முனையில் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி சாய்த்துப் பொருத்தினோம். கிளைகளை முதன்மைக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து, கொக்கின் கழுத்தைப் போல வளைத்துக் கீழே இறக்கினோம். நீர் அடியில் ஓடிவிடும், காற்று மட்டும் மேலே ஏறி வரும். தாழ்ந்த முனையில் ஒரு முழ நீளத்துக்குக் குழாயைக் கீழே இறக்கி வடிகால் வால்வு வைத்தோம். கம்ப்ரஸரின் அதிர்வு இரும்புக் குழாயின் மரைகளைத் தளர்த்தாதிருக்க, இரண்டுக்கும் இடையில் ஒரு முழ ரப்பர் ஹோஸ். ஸ்ப்ரே கன்னுக்கு முன்னால் துருவையும் ஈரத்தையும் தடுக்க ஒரு வடிகட்டி.

வேலைக்கிடையே ஒன்றைக் கவனித்தேன். அப்பா பட்டறையில் 'காத்து' என்று சொல்வதே இல்லை, 'ஏர்' என்பார். சன்னல் வழியே வருவது காத்து, குழாய் வழியே வருவது ஏர். சைக்கிளுக்கு மட்டும் காத்துதான் அடிப்பார். இரண்டும் ஒரே பொருளல்ல என்பதைப் பட்டறைத் தமிழ், கடன் வாங்கிய சொல்லொன்றைக் கொண்டு பிரித்து வைத்திருக்கிறது. கடன்சொற்கள் மொழியின் வறுமைக்கு அடையாளம் என்று கருதுவோர் இந்தப் பாகுபாட்டை எண்ணிப் பார்க்கலாம். அழுத்தத்துக்கும் இப்படி இரண்டு சொற்கள் இருந்திருந்தால் நானும் அப்பாவும் ஒரு பகல் பேசாமல் இருந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் இரவு தொட்டியை எட்டு கிலோவுக்கு ஏற்றிவிட்டு, மரைகளில் சோப்பு நீர் தடவினோம். இரண்டு இடங்களில் நுரை பொங்கியது. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, அப்பா அவற்றைக் கழற்றி, டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றி இறுக்கினார். மறுநாள் காலை முள் ஏழரைக்குச் சற்று மேலே நின்றது. அவர் அதைப் பார்த்த பார்வையை, என் ஆய்வேட்டை யாரேனும் என்றாவது பார்த்தால் போதும்.

கொல்லைப்புறத்து பி.வி.சி. குழாய்கள் இப்போது கிணற்றடியிலிருந்து முருங்கை மரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. பத்து கிலோவும் அங்கே உண்மையாகவே இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் அப்பா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். எட்டு ஆண்டுகளாக பி.வி.சி. வைத்திருக்கும் அந்த நண்பர்தான். அப்பா கணக்கு எதுவும் சொல்லவில்லை; 1988 என்றோ ஜூல் என்றோ ஒரு சொல்லும் இல்லை. "அது இருக்கட்டும்ப்பா. நாம ஏன் ஹைட்ரோ டெஸ்ட்டத் தண்ணியில பண்ணோம்? அதை மட்டும் சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை போலும். பிறகு, "செரி, ஞாயித்துக்கிழம டையைத் தூக்கிட்டு வரேன். அதுவரைக்கும் அதுல ஏர் ஏத்தாதே" என்று சொல்லி வைத்தார்.

நான்காம் இயல் இன்னும் முடியவில்லை. அதன் முதல் எடுத்துக்காட்டு மட்டும் மாறிவிட்டது.